எந்தக் காலில் நிற்கிறான்?

எல்லாருக்கும் வணக்கம். தொடங்குமுன் ஒரு சின்ன வேலை. இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் நான்கைந்து பேரும் அப்படியே அசையாமல் இருங்கள். மற்றவர்கள் திரும்பி அவர்கள் காலைப் பாருங்கள். ஒருவராவது இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போட்டு நிற்கிறாரா? இல்லை. ஒரு கால் ஊன்றியிருக்கிறது, இன்னொன்று சும்மா தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஊன்றிய பக்கம் இடுப்பு ஏறியிருக்கிறது, அதே பக்கத் தோள் லேசாக இறங்கியிருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் யாரும் இப்படித்தான் நிற்பார்கள். சரி, நாற்காலி வந்துவிட்டது, உட்காருங்கள்.

இந்த நிற்பைக் கல்லில் கொண்டுவர கிரேக்கச் சிற்பிகளுக்கு நூறு வருஷத்துக்கு மேல் பிடித்தது. இன்று அந்தக் கதைதான்.

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஒரு சலவைக்கல் இளைஞன் நிற்கிறான். கி.மு. 590-ஐ ஒட்டிச் செதுக்கியது, ஆறடிக்கு மேல் உயரம். இந்த வகைச் சிலைக்குக் கூரோஸ் என்று பெயர், இளைஞன் என்றுதான் அர்த்தம். முடி மணிமணியாகக் கோத்த சரம் போல முதுகில் தொங்குகிறது. இரண்டு கையும் முஷ்டி பிடித்துத் தொடையோடு ஒட்டியிருக்கின்றன. இடது கால் ஒரு எட்டு முன்னே. நடக்கிறான் என்று நினைத்துக்கொண்டு இடுப்பைப் பார்த்தால், அது மட்டம் பிடித்தது போல நேராக இருக்கிறது. கால் நடக்கிறது, இடுப்பு நடக்கவில்லை! உடம்பு எந்தப் பக்கமும் வளையாமல் நேராக நிற்பதை நம் ஸ்தபதிகள் சமபங்கம் என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அது.

இந்த நிலையைக் கிரேக்கர்கள் எகிப்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அங்கே அவர்களுக்குப் போக்குவரத்து இருந்தது. வியாபாரத்துக்குப் போனார்கள், கூலிப்படையாகவும் போனார்கள். எகிப்தின் அபு சிம்பெல் கோயிலில் அந்நாட்டு அரசன் இரண்டாம் ராம்சேஸின் பிரம்மாண்டமான சிலைகள் உட்கார்ந்திருக்கின்றன அல்லவா, அதில் ஒன்றின் காலில் கிரேக்கச் சிப்பாய்கள் தங்கள் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆர்கோன், பெலகோஸ் என்று இரண்டு பெயர்கள் இன்றும் படிக்க முடிகிறது. அதுவும் இதே கி.மு. 590-களில். கோயில் தூணில் பெயர் செதுக்கும் நம் ஆட்களுக்கு இவர்கள் மூத்த அண்ணன்மார்.

ஆனால் வாங்கியதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. எகிப்தியக் கற்சிலைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கல்தூண் தாங்கும். கைக்கும் விலாவுக்கும் நடுவில் கல்லை விட்டுவைப்பார்கள், இடுப்பில் துணி இருக்கும். கிரேக்கச் சிற்பி தூணை எடுத்தான், இடைக்கல்லைக் குடைந்து எடுத்தான், துணியையும் எடுத்துவிட்டான். ஆள் தன் சொந்தக் காலில், அம்மணமாக நிற்கிறான்.

அந்த அம்மணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் அசீரிய அரசன் சென்னாகெரிபின் புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன, கி.மு. 701-ல் லாகீஷ் நகரத்தைப் பிடித்த கதை. அதில் துணியில்லாமல் இருப்பவர்கள் தோற்றவர்கள். கழுவில் ஏற்றப்பட்டவர்கள், தோல் உரிக்கப்படுகிறவர்கள். அங்கே துணியை உருவுவது ஒரு தண்டனை. கிரேக்க இளைஞனுக்கு அதுவே பெருமை. உடற்பயிற்சிக் களத்துக்கு அவர்கள் வைத்த பெயரே அம்மணம் என்ற சொல்லிலிருந்து வந்தது. இன்று நாம் ஜிம்முக்குப் போகிறேன் என்கிறோமே, அதன் மூலம் அதுதான்.

அப்புறம் அந்தப் பையன் வருகிறான். ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறான், கிரிட்டியோஸ் பையன் என்பார்கள். கி.மு. 480-ஐ ஒட்டியவன், ஏதென்ஸின் கோயில்கள் இருந்த குன்றான அக்ரோபோலிஸைப் பாரசீகப் படை எரித்த காலம். உடம்பு 1860-களில் கிடைத்தது, தலை 1888-ல். இப்போதும் பாதங்கள் இல்லை, கைகள் முழுதாக இல்லை, கண்ணில் பதித்திருந்த கல்லும் போய்விட்டது. ஆனால் இடது காலில் பாரம் போட்டிருக்கிறான். வலது முழங்கால் தளர்ந்து மடங்குகிறது. இடது இடுப்பு ஒரு விரற்கடை ஏறியிருக்கிறது. தலை லேசாகத் திரும்பியிருக்கிறது. கூரோஸ்களின் உதட்டில் எப்போதும் ஒட்டியிருக்கும் அந்தப் புன்னகை இவனிடம் இல்லை; ஏதோ யோசிக்கிறான். கூரோஸ் எத்தனை நூற்றாண்டு வேண்டுமானாலும் அப்படியே நிற்பான். இவன் இன்னும் கொஞ்ச நேரத்தில் கால் மாற்றி நிற்பான். வித்தியாசம் அவ்வளவுதான், அதுவே எவ்வளவு பெரியது!

இதைக் கணக்காகவே எழுதிவைத்தவர் பாலிக்ளைடஸ் என்ற கிரேக்கச் சிற்பி. விரலுக்கு விரல், விரலுக்கு உள்ளங்கை, உள்ளங்கைக்கு மணிக்கட்டு என்று விகிதம் சொன்ன அவருடைய நூல் அழிந்துவிட்டது. அவர் வெண்கலத்தில் செய்த ஈட்டிக்காரன் சிலையும் இல்லை. பழைய வெண்கலம் பெரும்பாலும் உருகி வேறு பொருளாகிவிடும். நமக்கு மிஞ்சியது ரோமானியர்கள் சலவைக்கல்லில் எடுத்த நகல்கள். இத்தாலியின் பழைய பொம்பெயி நகரத்தில் கிடைத்து நேப்பிள்ஸில் இருக்கும் நகலின் கால் பக்கத்தில் ஒரு அடிமரம் நிற்கும். கவிதையாக ஏதோ அர்த்தம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கணுக்கால் உடையாமல் இருக்க வைத்த முட்டு, அவ்வளவே. வெண்கலத்துக்கு அது தேவைப்பட்டிருக்காது.

அளவு என்றதும் சுவாமிமலை ஞாபகத்துக்கு வராமல் போகாது. அங்கே ஸ்தபதி தென்னை ஓலைக் கீற்றை மடித்து மடித்து அளவு எடுப்பார். உத்தம தசதாளம் என்ற அளவுமுறையில் உச்சி முதல் பாதம் வரை 124 பங்கு. கிரேக்கரைப் போலவே கணக்கு, ஆனால் வருகிற உடம்பு வேறு. பாலிக்ளைடஸின் ஈட்டிக்காரனுக்கு வயிற்றுத் தசை கட்டம் கட்டமாகத் தெரியும். சோழர் காலத்து வெண்கலச் சிவனுக்குத் தசையே கிடையாது; மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தியது போல வழுவழுவென்று ஒரே ஓட்டம். எது இயற்கை என்று யாராவது கேட்டால் இரண்டும் இல்லை என்பேன். அப்படிப்பட்ட வயிறு நம் தெருவில் யாருக்கும் இல்லை, ஏதென்ஸ் தெருவிலும் எல்லாருக்கும் இருந்திருக்காது.

பெண்கள்? நூற்றாண்டுக் கணக்கில் பெரிய சிலைகளில் ஆணுக்குத் துணியில்லை, பெண்ணுக்குப் புடவை மாதிரி மடிப்பு மடிப்பாகத் துணி. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிராக்ஸிடிலிஸ் என்ற சிற்பி காதல் தெய்வம் அஃப்ரோடைட்டிக்கு இரண்டு சிலை செய்தாராம், ஒன்று துணியோடு, ஒன்று துணியில்லாமல். கோஸ் தீவுக்காரர்கள் கௌரவமாகத் துணி உடுத்தியதை வாங்கிக்கொண்டார்கள், மற்றதை நிடோஸ் நகரம் வாங்கியது. பின்னால் ஒரு ராஜா, நிகோமிடிஸ், அதைக் கொடுத்தால் ஊரின் கடன் முழுவதையும் அடைக்கிறேன் என்றான். ஊர் கொடுக்கவில்லை. ரோமானியரான பிளினி சொல்லும் கதை இது. மூலம் போய்விட்டது, நகல்களில் அவள் கையைக் கொண்டு மறைத்துக்கொள்கிறாள். எந்தக் கூரோஸும் மறைத்துக்கொண்டதில்லை. என்னைக் கேட்டால், கிரேக்கர்கள் உடலைக் கொண்டாடினார்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் அந்தக் கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒருவன். 1885-ல் ரோமின் குவிரினல் குன்றில் தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வந்தான், வெண்கலக் குத்துச்சண்டைக்காரன். கிரிட்டியோஸ் பையனுக்குப் பல தலைமுறைகள் பின்னால் வந்தவன். உட்கார்ந்திருக்கிறான். சண்டை இப்போதுதான் முடிந்திருக்க வேண்டும், கையில் தோல்வார் இன்னும் அவிழ்க்கவில்லை. மூக்கு உடைந்திருக்கிறது, காது வீங்கிக் கிடக்கிறது. முகத்துக் காயங்களில் சிற்பி செம்பு பதித்திருக்கிறார், ரத்தம் சிவப்பாகத் தெரிய. வலது கையிலும் தொடையிலும் கூடச் செம்புத் துளிகள். அங்கே காயம் எதுவும் இல்லையே என்று பார்த்தால், அவன் தலை வலது பக்கம் திரும்பியிருக்கிறது. யாரோ கூப்பிட்டுத் திரும்பியிருக்கிறான், அந்த வேகத்தில் முகத்திலிருந்து சொட்டியது அது.