விளிம்பில் இருக்கும் பெயர்

(நாகர்கோவிலில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

மேடையேறுவதற்கு முன்னால் ஒரு தம்பி வந்தார். "அண்ணாச்சி, குளச்சல் போர்க்காசு ஒண்ணு கிடைச்சிருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்றார். செப்புக்காசு. ஒரு பக்கம் வி.ஓ.சி. என்ற மூன்று எழுத்தும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. நம்ம வ.உ.சி. இல்லை, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. கேட்டவர்கள் உண்டு, அதனால் சொல்கிறேன். கீழே வருடம் 1786. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை குளச்சலில் டச்சுக்காரர்களை முறியடித்தது 1741 ஆகஸ்டில். 45 வருடம் கழித்து அடித்த காசு அந்தச் சண்டையில் எப்படி விழும்? காசு அசல்தான், கதைதான் போலி. விற்றவர் கதைக்கும் சேர்த்துப் பணம் வாங்கிவிட்டார்.

அந்தப் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதி ஆனார். 1777-இல் இறந்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கும், போய்ப் பாருங்கள். ஆனால் இன்று கோட்டையைப் பற்றிப் பேச வரவில்லை. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

தக்கலைப் பக்கம் ஒரு பாட்டி, தன் அப்பாவின் மெடல் என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். முதல் உலகப் போர் மெடல், வெள்ளி. முன்பக்கம் ஐந்தாம் ஜார்ஜ். பின்பக்கம் குதிரைமேல் உடுப்பில்லாத ஒரு வீரன், ஓரத்தில் 1914, 1918. வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்குப் புளி போட்டுத் தேய்த்ததில் ராஜாவுக்கு மூக்கே இல்லை. "பளபளன்னு இருக்கட்டும்னு செஞ்சேன் மக்களே" என்றார். அவரை என்ன சொல்வது? மெடலைத் திருப்பி, டார்ச்சை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தேன். விளிம்பில் எழுத்து எழும்பியது: நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு. மெடலின் உயிர் அந்த விளிம்புதான். இதே மாதிரி எத்தனையோ மெடல்கள் வெள்ளி விலைக்கு எடைபோட்டு உருக்கப்பட்டுவிட்டன. இரண்டாம் போருக்கு பிரிட்டன் தன் சொந்தப் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே மெடல் கொடுத்தது. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பலவற்றில் பெயர் உண்டு. அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

சரி, பெயர் கிடைத்தாயிற்று. எங்கே தேடுவது? இங்கேதான் நம்மூர்க்காரர்கள் தடுக்கி விழுவார்கள். தமிழ்நாடு, கன்னியாகுமரி என்று தேடினால் ஒன்றும் வராது. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் இந்த மாவட்டமே கிடையாது. கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்று தாலுகா பெயரைப் போட்டு, கூடவே திருவிதாங்கூர் என்று தேடுங்கள். அப்புறம் எழுத்து. ஞானமுத்து என்ற பெயரை அந்தக் காலத்து ராணுவ கிளார்க் ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருப்பார்? ஜி, ஒய், என், எதில் வேண்டுமானாலும் தொடங்கியிருக்கலாம். மூன்றையும் தேடத்தான் வேண்டும்.

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் பார்க்கலாம். பர்மாவில் இறந்து, கல்லறை என்று ஒன்று இல்லாதவர்களின் பெயர்கள் ரங்கூனுக்கு அருகே தவுக்கியானில் தூண்களில் இருக்கின்றன, ஏறத்தாழ 27,000 பேர். உயிரோடு ஊர் திரும்பியவர் என்றால் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம், மணியார்டர் ரசீது, இவைதான் வழி.

காகிதத்தின் அருமையை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன்பு ஒரு பழைய சாமான் கடையில் பர்மா ஸ்டார் ஒன்று, இரண்டாம் போரில் பர்மா பக்கம் போனவர்களுக்குக் கொடுத்த மெடல், கண்ணில் பட்டது. ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்தது, கூடவே ஒரு கட்டு காகிதம். கரையான் தின்றது, எதற்கு என்று விட்டுவிட்டு மெடலை மட்டும் வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பெயர் இல்லை. மறுவாரம் ஓடினேன், கட்டு எடைக்குப் போய்விட்டது. அந்த மெடல் இன்னமும் என்னிடம் இருக்கிறது. யாருடையது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 100 வருடம் கடந்த பொருள் தொல்பொருள், 1972 சட்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணுக்குள் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878-இல் போட்ட சட்டம், தொகையைப் பார்த்தாலே தெரியும். துப்பாக்கி இருந்தால் லைசென்ஸ் வேண்டும். பழைய குண்டு ஏதும் கண்ணில் பட்டால் தொடாதீர்கள், போலீஸுக்குப் போன் போடுங்கள்.

இந்த மேஜையில் லென்ஸும் டார்ச்சும் வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்து ஏதாவது கொண்டு வந்திருப்பவர்கள் வரிசையாக வாருங்கள். துடைக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள். கூட ஏதாவது காகிதம் இருந்தால் அதை முதலில் நீட்டுங்கள்.