நாள்கூலியா, மொத்த வேலையா? கைத்தொழில் செய்வோருக்கும் கையாள்களுக்கும் இடையிலான கூலித் தகராறுகள்

நேயர்களுக்கு வணக்கம். கட்டட வேலை, குழாய் வேலை, மின்வேலை, வண்ணப்பூச்சு, தச்சு வேலை ஆகியவற்றைச் சொந்தப் பொறுப்பில் எடுத்துச் செய்கிறவர்களுக்கும், அவர்களிடம் சில நாள்களோ சில வாரங்களோ வேலைக்கு வரும் கையாள்களுக்கும் இடையே எழுகிற தகராறுகளைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். பெரிய ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தால் அது செய்தியாகிறது. இரண்டே பேருக்கு நடுவில் மூன்று நாள் கூலிக்காக நடக்கும் வாக்குவாதத்தை எவரும் எழுதுவதில்லை. ஆயினும் தொழில் தகராறுகளிலேயே மிகவும் கசப்பானவை இவைதான் என்பது என் எண்ணம். ஏனெனில் இங்கே முதலாளியின் இடத்தில் நிற்பவரும் பெரும்பாலும் கையில் காசு தங்காதவர், நேற்றுவரை தாமே கையாளாக இருந்தவர்.

மேஸ்திரி ஒருவர், ஒரு குளியலறையை இன்ன தொகைக்கு முடித்துத் தருவதாக வீட்டுக்காரரிடம் மொத்தமாகப் பேசிக்கொள்கிறார். அவருக்குப் பணம் தவணையாகவோ வேலை முடிந்த பிறகோ வருகிறது. அவருடைய கையாளுக்கோ அன்றாடம் அல்லது வாரக் கடைசியில் கூலி வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளியைத் தம் கைப்பணத்தால் நிரப்ப முடியாத மேஸ்திரி, “வீட்டுக்காரர் இன்னும் கொடுக்கவில்லை, வந்ததும் தருகிறேன்” என்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பல நேரங்களில் அது முழு உண்மை. ஆனால் கூலி கேட்டு நிற்பவருக்கு அது பதிலாகாது. மொத்தமாகப் பேசிய வேலையில் மிச்சப்படும் லாபத்தை மேஸ்திரி கையாளுடன் பகிர்ந்துகொள்வதில்லை, அப்படி எதிர்பார்ப்பவரும் இல்லை. லாபம் ஒருவருக்கே உரியதாக இருக்கும்போது, வராத பணத்தின் பாரத்தை மட்டும் இருவருக்கும் பங்கு வைப்பது எப்படி நியாயமாகும்? பிரிட்டனில் 1996-இல் இயற்றப்பட்ட கட்டுமானச் சட்டம், ஒப்பந்ததாரர்களுக்கு இடையிலேயே கூட, ‘எனக்கு வந்தால்தான் உனக்கு’ என்னும் நிபந்தனையைப் பொதுவாகச் செல்லாததாக்கிவிட்டது. மேலிருந்து பணம் தர வேண்டியவர் திவாலாகும் நிலையை மட்டுமே விலக்காக வைத்தது. தொழில் நடத்துகிற இருவருக்குள்ளேயே செல்லாத நிபந்தனையை, அன்றன்றைய கூலியில் பிழைப்பவர் மீது சுமத்துவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

கூலிப் பேச்சு முற்றும்போது இன்னொரு வாதம் எழும். “அவர் என்னிடம் வேலை பார்க்கவில்லை, அவரும் என்னைப் போலத் தனியாகத் தொழில் செய்கிறவர்தான், இந்த வேலைக்கு மட்டும் வந்தார்” என்பார் மேஸ்திரி. சாரத்திலிருந்து விழுந்து கையாளின் கை முறிந்துவிட்டால், அதே நாளில் இந்த வாதம் வந்துவிடும். காரணம் எளிது: ஒருவர் பணியாளர் என்றால் குறைந்தபட்சக் கூலி, விடுப்பு, விபத்து இழப்பீடு, காப்பீட்டுத் தொகை எல்லாம் பின்னால் வரும், தனித் தொழில் செய்பவர் என்றால் பேசிய பணத்தோடு கணக்கு முடிந்துவிடும்.

உழைப்பை நேரக் கணக்கில் விலைக்குத் தருவதும், ஒரு வேலையை முடித்துத் தருவதாகப் பொறுப்பேற்பதும் வெவ்வேறு ஒப்பந்தங்கள் என்பதைப் பண்டைய ரோமானியச் சட்டமே பிரித்துப் பார்த்திருந்தது. இன்றைய நீதிமன்றங்கள் அதை மேலும் நுட்பமாகப் பார்க்கின்றன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2006-இல் வெளியிட்ட 198-ஆம் பரிந்துரை, ஒப்பந்தத் தாளில் உறவுக்கு என்ன பெயர் சூட்டியிருந்தாலும், வேலை உண்மையில் எப்படி நடந்தது, பணம் எப்படித் தரப்பட்டது என்பவற்றைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்கிறது. யார் சொற்படி வேலை நடந்தது, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொன்னது யார், கருவிகளும் பொருள்களும் யாருடையவை, தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பிவைக்க அவரால் முடிந்ததா, நட்டம் வந்தால் அவர் கையிலிருந்து போகுமா, அவருடைய பிழைப்பு முழுவதும் இந்த ஒரே வருமானத்தில் நிற்கிறதா என்றெல்லாம் கேட்கப்படுகிறது. பரிந்துரை என்பதால் எந்த நாட்டையும் அது கட்டுப்படுத்தாது. எனினும் பல நாட்டு நீதிமன்றங்கள் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கின்றன.

இதில் நான் பெரிதும் மதிக்கும் ஒரு தீர்ப்பு இந்திய உச்ச நீதிமன்றம் 1973-இல் ஒரு தையல் கடை வழக்கில் அளித்தது. அங்கே தையற்காரர்களுக்குத் துணிக் கணக்கில்தான் கூலி. வருகிற நேரத்திலும் கண்டிப்பு இல்லை. சிலர் வேறு கடைகளுக்கும் தைத்தார்கள். ஆயினும் இயந்திரங்கள் கடைக்காரருடையவை. தைத்தது சரியில்லை என்றால் திருப்பித் தந்து மறுபடி தைக்கச் சொல்லும் உரிமையும் அவரிடமே இருந்தது. அந்த உரிமையே கட்டுப்பாட்டுக்குச் சான்று என்று கொண்டு, அவர்களைப் பணியாளர்கள் என்றே நீதிமன்றம் தீர்மானித்தது. பிரிட்டனில் 2018-இல் வந்த தீர்ப்பு குழாய் வேலை செய்யும் ஒருவரைப் பற்றியது. அவர் சொந்தக் கருவிகளை வைத்திருந்தார், தம் வரியைத் தாமே கட்டினார். ஆனால் நிறுவனத்தின் சீருடையை அணிந்து, அதன் சின்னம் பொறித்த வண்டியில்தான் போக வேண்டியிருந்தது. முழுப் பணியாளர் என்று சொல்லாவிட்டாலும், அந்நாட்டுச் சட்டம் வகுத்துள்ள நடுவகைத் தொழிலாளி என்று ஏற்று, ஊதிய விடுப்பு போன்ற உரிமைகளுக்கு அவரைத் தகுதியுடையவராக உச்ச நீதிமன்றம் ஆக்கியது. சொந்தக் கருவிகளோடு வந்த தொழில் தெரிந்தவரின் நிலையே இதுவென்றால், மேஸ்திரியின் கரண்டியையும் மட்டப்பலகையையும் கையில் வாங்கி, அவர் காட்டிய இடத்தில் கலவை சுமந்தவரைத் தனித் தொழில் செய்பவர் என்று வாதாடுவது கடினம்.

அதே வேளையில் கையாள் என்று வருகிற எல்லாரும் ஒரே நிலையில் இல்லை. தம் ஆள்களையும் கருவிகளையும் கூட்டிக்கொண்டு வந்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, பல பேரிடம் வேலை எடுக்கிறவர், தகராறு வந்தவுடன் “நான் கூலியாள்” என்று சொன்னால் அதையும் ஏற்க முடியாது. முன்பணம் வாங்கிய பிறகு பாதி வேலையில் நின்று, கூடுதலாகத் தருகிற இடத்துக்குப் போய்விடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மேஸ்திரி அந்த முன்பணத்தைத் திரும்பக் கேட்கலாம்; ஆனால் கடனைக் காட்டி ஆளைப் போகவிடாமல் வைத்துக்கொள்வது கட்டாய உழைப்பின் பக்கம் போய்விடுகிற குற்றம்.

பிடித்தம் செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓடு கோணலாகப் பதிந்துவிட்டது, ஆகவே இரண்டு நாள் கூலி கிடையாது என்று மேஸ்திரி தாமே தீர்ப்பு எழுதிவிடுகிறார். கூலிப் பாதுகாப்பைப் பற்றிய 1949-ஆம் ஆண்டின் 95-ஆம் பன்னாட்டு உடன்படிக்கை, சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ நடுவர் தீர்ப்போ அனுமதிக்கும் அளவுக்குத்தான் பிடித்தம் செய்யலாம் என்கிறது. மதுக்கடையில் வைத்துக் கூலி கொடுக்கக்கூடாது என்றும் அதில் ஒரு விதி உண்டு. அதை எழுதியவர்கள் கூலி கைமாறும் இடங்களை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். பொருள் வண்டி வராததால் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்துக்கும் இதே நியாயம்தான் என்பேன்: வரச் சொல்லி வந்தவர் காத்திருந்தால், அந்த நேரம் வரச் சொன்னவருடையது.

இந்த வழக்குகளில் பெரும்பாலானவை தடுமாறுவது சான்றில்லாமல்தான். எத்தனை நாள் வந்தார் என்பதிலேயே இருவரும் வேறு வேறு கணக்குச் சொல்வார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946-இல் ஒரு மட்பாண்டத் தொழிற்சாலை வழக்கில், வேலை நேரக் கணக்கை முதலாளி ஒழுங்காக வைத்திருக்கவில்லை என்றால், தொழிலாளி நியாயமாக ஊகிக்கத்தக்க அளவுக்குச் சான்று காட்டினாலே போதும், அது தவறு என்று மறுத்துக் காட்டும் சுமை முதலாளிக்குப் போய்விடும் என்று கூறியது. கைபேசியில் அனுப்பிய “நாளைக்கு ஏழு மணிக்கு வந்துவிடு” என்னும் ஒற்றை வரியும், பணம் அனுப்பிய குறிப்பும், அன்றைய வேலையைக் காட்டும் படமும் அப்படிப்பட்ட சான்றுகளே. மேஸ்திரியும் ஒரு சிறிய நோட்டில் வருகையையும் கொடுத்த தொகையையும் எழுதி, கையாளின் கையெழுத்தை வாங்கி வைத்தால், பிறகு வருகிற பொய்க் கணக்கிலிருந்து முதலில் காப்பாற்றப்படுகிறவர் அவரே.

சமரசம் பேச உட்காரும்போது நான் இரு தரப்பிடமும் முதலில் கேட்பது, தகராறு இல்லாத தொகை எவ்வளவு என்பதை. பத்து நாள் என்கிறார் ஒருவர், ஏழு நாள் என்கிறார் மற்றவர். அப்படியானால் ஏழு நாள் கூலி அன்றே கைமாற வேண்டும், மீதி மூன்று நாளைப் பற்றி எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வாதாடலாம். அந்த ஏழு நாள் பணத்தை வாங்கும்போது, ‘கணக்கு முழுவதும் தீர்ந்தது’ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடாமல், பெற்ற தொகையை மட்டும் குறித்துக் கையெழுத்திடுமாறு கையாளிடம் சொல்வேன். மேஸ்திரியிடம், மீதித் தொகைக்கு ஏன் மறுக்கிறார் என்பதை அன்றைக்கே எழுதித் தரச் சொல்வேன். வணக்கம்.