பாரு கெடக்க எடம்

(நாகர்கோவிலில் ஆய்வு மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேச்சு வைத்திருக்கிறார்கள். தலைப்போ 'பல்துறை மானுடப்புல ஆய்வில் விழுமியங்களின் பங்கு'. கேட்டாலே கண் சொக்கும். அதனால் நேராகக் கடலுக்குப் போய்விடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் நாங்கள் நான்கு பேர் வேலை செய்தோம். ஒருவர் புவியியல், ஒருவர் நாட்டார் வழக்காறு, ஒரு மொழியியல் மாணவி, வரலாற்றுக்கு நான். எடுத்துக்கொண்ட விஷயம் பார். கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டு. மீன் அடையும் இடம். தண்ணீருக்கு மேலே ஒன்றும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கக் கணியம் பார்ப்பார்கள். கரையில் ஒரு கோவில் கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு மலை முகடும் நேராக வர வேண்டும். இன்னொரு பக்கம் கலங்கரை விளக்கமும் வேறொரு மலையும் நேராக வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் தூண்டில் இறங்கும். ஜி.பி.எஸ். பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே இந்தக் கணக்கு இங்கே உண்டு.

எழுபது தாண்டிய ஒரு பெரியவர் மணலில் விரலால் கோடு இழுத்து, ஒரு சிப்பியை மலையாகவும் பீடிக்கட்டைக் கோபுரமாகவும் வைத்து எங்களுக்கு விளக்கினார். எழுந்திருக்கும்போது சொன்னார்: "எல்லாத்தையும் எழுதிக்கோ மக்களே. பாரு கெடக்க எடத்த மட்டும் எழுதாண்டாம்."

அன்று ராத்திரி எங்களுக்குள் சரியான சண்டை. இடம் சொல்லாத தகவல் தகவலே இல்லை என்றார் புவியியல்காரர். சொன்னவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்றார் வழக்காற்றுக்காரர். பாரின் பெயரே ஊரையும் மலையையும் காட்டிக்கொடுக்கிறது, பெயரை விட்டுவிட்டு நான் என்ன சொல்லகராதி செய்ய என்று மாணவி கேட்டார். பதிவாகாதது அழிந்துபோகும் என்று நான். அத்தனை பேரும் நியாயம்தான் பேசினோம். யாரும் விழுமியம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. எல்லோரும் 'எங்கள் துறை முறை' என்றுதான் சொன்னோம்.

துல்லியம் ஒரு விழுமியம். சொன்னவரின் நம்பிக்கையைக் காப்பது இன்னொன்று. ஒரே துறைக்குள் இருக்கும்வரை இது கண்ணில் படாது; முறையியல் என்று பேர் வைத்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கும். பக்கத்துத் துறைக்காரர் முகத்தைச் சுளிக்கும்போதுதான் வெளியே வரும். பல்துறை ஆய்வில் எனக்குப் பிடித்ததே இந்த முகச்சுளிப்புதான். நிதி கேட்கும் விண்ணப்பத்தில் இதை எழுத முடியாது என்பது வேறு விஷயம்.

அந்தப் பார் யாருடையது? பத்திரம் இல்லாத சொத்து அது. வள்ளத்தில் போகிறவருக்கு அது தெரியும் என்பதுதான் மூலதனம். வரைபடத்தில் புள்ளி வைத்துவிட்டால், எங்கள் ஆய்வுப் புத்தகத்தைப் படிக்காதவர்கள்கூட முதல் ஆளாக அங்கே போய் நிற்பார்கள்.

சரி, மலைப்பக்கம் வருவோம். 1987-ல் அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் ஒரு தாவர ஆய்வுக் குழு நடந்து களைத்துப்போனது. வழிகாட்டியாக வந்த காணிப் பழங்குடியினர் மட்டும் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். அது ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காய். அதை வைத்து ஜீவனி என்ற மருந்து வந்தது. உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. உலகமே மெச்சியது, நானும் மெச்சுகிறேன். ஆனால் அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளும் அறக்கட்டளை பதிவானது 1997-ல். செடியைக் காட்டி ஏறக்குறைய பத்து வருஷம் கழித்து! காணிகளிடையே மருத்துவம் பார்க்கிற பிலாத்திகளில் சிலர், இது வெளியே சொல்லக்கூடிய விஷயமா என்றே எதிர்த்தார்கள். 'எவ்வளவு' என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தது. 'சொல்லலாமா' என்ற கேள்வியை ஆரம்பத்தில் யாரும் கேட்கவில்லை. இன்னொன்று: அந்த அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கானது. நம் பேச்சிப்பாறை மலைக் காணிகளுக்கும் அவர்களுக்கும் நடுவே 1956 நவம்பர் 1-ல், குமரி தமிழகத்தோடு சேர்ந்தபோது, ஒரு எல்லைக்கோடு விழுந்தது. செடிக்கு அந்தக் கோடு தெரியாது.

நம்மூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையை இங்கே சொல்லாமல் போனால் அவர் பிறந்த தேரூர்க்காரர்கள் விடமாட்டார்கள். கல்வெட்டு, ஓலை, கவிதை எல்லாம் ஒரே ஆள். சோழர் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச்சாலை பற்றி ஆராய்ந்த அதே கைதான் நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியத்தையும் எழுதியது. சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள்வழி என்ற சொந்தச் சமூகத்து முறையை நக்கலடிக்கிற பாட்டு. 1926-ல் அந்த முறையை மாற்றும் வேளாளர் வாரிசுச் சட்டம் வந்தது. பாட்டால்தான் சட்டம் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்று கவனியுங்கள்: குடும்பச் சொத்தை ஆளும் மாமனான காரணவரின் ஐந்தாவது மனைவி வாயால் கவிமணி கதையைச் சொல்ல வைத்தார். காரணவரின் தங்கை பேசியிருந்தால் அது வேறு மான்மியமாக இருந்திருக்கும்.

எங்கள் சண்டை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூன்று மாதம் இழுத்தது. கடைசியில் புள்ளிக்குப் பதிலாக ஒரு பெரிய வட்டம் போட்டோம். அச்சுக்குப் போகுமுன் படத்தைப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"போட்டுக்கோ மக்களே. அன்னைக்கு நான் சொன்ன மலை வேற."