பழைய பெடல் ஸ்டீல் கிட்டாரைக் கவிழ்த்துப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. அமெரிக்கக் கன்ட்ரி பாட்டு கேட்பவர்களுக்குத் தெரியும், பாடகரின் குரலுக்குப் பின்னால் ஒரு சுரம் வழுக்கிக்கொண்டே ஏறி அடுத்த சுரத்தில் போய் உட்காரும். அதைச் செய்வது பெடல் ஸ்டீல் கிட்டார். நான்கு கால்களில் நிற்கும் வாத்தியம், பெரும்பாலும் பத்துத் தந்தி. இடது கையில் உருளை வடிவான எஃகுத் துண்டைத் தந்தி மேல் நகர்த்துவார்கள். காலடியில் தையல் மெஷின் மாதிரி பெடல்கள், முழங்கால் பக்கம் லீவர்கள். ஒரு பெடலை மிதித்தால் அதற்கென்று வைத்த தந்திகள் மட்டும் இழுபட்டு ஸ்ருதி ஏறும், மற்றவை அசையாது. 1954-ல் வெளிவந்த, கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் ஒரு பாடலில், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பட் ஐசக்ஸ் பெடலை மிதித்தார். அப்புறம் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் ஸ்டீல் வாசித்த எல்லோருக்கும் அந்தச் சத்தம் வேண்டும் என்றாகிவிட்டது.

ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் சேர்ந்து நடத்திய ஷோ-பட் என்ற கிட்டார் கம்பெனி, பிறகு 1963-ல் எம்மன்ஸ் பிரிந்துபோய்த் தொடங்கிய எம்மன்ஸ் கம்பெனி, இவற்றின் பழைய கிட்டார்கள் அங்கே இன்றும் கைமாறுகின்றன. தாத்தா வாசித்தது என்று பேரப்பிள்ளைகள் விற்பார்கள். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் எதைப் பார்த்து வாங்குவது?

மேல்பக்கத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். புள்ளி புள்ளியாகக் கண் வைத்த மேப்பிள் மரம், பளபளக்கும் வார்னிஷ், எல்லாம் அழகுதான். ஆனால் வாத்தியத்தின் உயிர் அடியில் இருக்கிறது. விற்பவரிடம் கேட்டுப் பெட்டியில் கவிழ்த்து வையுங்கள். குறுக்கே ஓடும் தண்டுகள், அவற்றில் மாட்டிய சிறு நெம்புகோல்கள், அங்கிருந்து வலது கோடி வரை போகும் மெல்லிய கம்பிகள். ஒரு பெடல் தண்டை விரலால் இழுத்து, எந்தக் கம்பி நகர்கிறது என்று பாருங்கள். கம்பி இல்லாத நெம்புகோல் இருந்தால், யாரோ எதையோ கழற்றியிருக்கிறார்கள். ஷோ-பட்டின் பழைய மாடல்கள் சிலவற்றில் உதிரிகளைத் துத்தநாகக் கலவையில் வார்த்திருப்பார்கள். மயிரிழை போன்ற விரிசல் அதில்தான் வரும். டார்ச் அடித்துப் பாருங்கள். கால்கள், பெடல் கம்பிகள், பெடல் சட்டம் எல்லாம் உண்டா என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று குறைந்தாலும் லேத் பட்டறைக்கு அலைய வேண்டியிருக்கும்.

சரி, நிமிர்த்தி வைத்தாயிற்று. இனி ஸ்ருதி காட்டும் ட்யூனர் வேண்டும். வழக்கமான ஈ-9 ஸ்ருதியில் ஐந்தாவது தந்தி பி என்ற மேற்கத்திய சுரம். பெடல்களுக்கும் ஏ, பி என்றே பெயர்; அதில் ஏ பெடலை மிதித்தால் அந்தத் தந்தி சி ஷார்ப் என்ற சுரத்துக்கு ஏறும். ஏறுகிறதா என்பதில் எனக்கு அவ்வளவு கவலை இல்லை. காலை எடுத்ததும் அதே பி சுரத்துக்குத் திரும்புகிறதா என்பதுதான் கேள்வி. பத்து முறை மிதித்து விடுங்கள். ஒவ்வொரு முறையும் முள் ஒரே இடத்தில் நின்றால் நல்ல கிட்டார். சற்று ஏறியே நின்றுவிட்டால், தந்தியை இழுக்கும் சேஞ்சரில் பழைய எண்ணெய் பசையாக இறுகியிருக்கலாம். அது சுத்தம் செய்தால் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம். சேஞ்சரின் அச்சே தேய்ந்திருந்தால்தான் செலவு.

இன்னொரு சோதனையும் உண்டு. நான்காவது தந்தியை மீட்டிவிட்டு ஏ, பி இரண்டு பெடலையும் சேர்த்து மிதியுங்கள். அந்தத் தந்தியை அவை தொடுவதே இல்லை. ஆனாலும் மரச்சட்டம் இழுவையில் லேசாக வளைவதால் ஸ்ருதி கொஞ்சம் இறங்கும். ஓரிரு சென்ட் (அரைச் சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) இறங்குவது எந்தக் கிட்டாரிலும் நடப்பது. காதுக்கே உறுத்துமளவு இறங்கினால், உடம்பின் ஒட்டுகளையும் கோடித் தகடுகளின் திருகுகளையும் சந்தேகப்படுங்கள்.

தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பை மல்டிமீட்டரால் ஒரு தடவை தொட்டால் போதும். ரீடிங்கே வராவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது என்று பொருள். புதிதாகச் சுற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். அதற்காக நல்ல கிட்டாரை விட்டுவிடாதீர்கள், விலையில் குறைத்துக் கேளுங்கள்.

ஷோ-பட் மேவரிக் என்ற மாணவர் மாடல் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய பெயர், குறைந்த விலை என்று பலரும் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். மூன்று பெடல், ஒரே ஒரு முழங்கால் லீவர் என்ற அமைப்பில்தான் அது அதிகம் கிடைக்கும். இன்றைய பாடங்களோ மூன்று பெடலோடு நான்கு லீவர் இருக்கும் என்று நம்பிச் சொல்லித்தரப்படுகின்றன. பிறகு லீவர் சேர்ப்பது அதில் லேசான வேலை இல்லை. கற்க ஆசைப்படும் பிள்ளைக்கு அதை வாங்கித் தருவதைவிட, பெயர் தெரியாத கம்பெனியாக இருந்தாலும் லீவர்கள் முழுதாக உள்ள ஒன்றை வாங்கித் தருவது நல்லது. நன்றி, வணக்கம்.