ஊசியை இழுக்கும் இருவர்

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

1820இல் கோபன்ஹேகனில் பேராசிரியர் ஒர்ஸ்டெட், மின்சாரம் பாயும் கம்பிக்கு அருகே காந்த ஊசி விலகுவதைக் கண்டார். ஜூலை 21 அன்று லத்தீனில் நான்கே பக்கங்களில் அதை வெளியிட்டார். இவ்வளவும் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கும். ஊசி எவ்வளவு விலகியது? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

திசைகாட்டியைக் கிடையாக வைத்து, அதன் மேல் கம்பியை வடக்கு தெற்காகப் பிடியுங்கள். இப்போது ஊசியைப் பூமி வடக்கே இழுக்கிறது; கம்பி பக்கவாட்டில் இழுக்கிறது. கம்பியின் காந்தப் புலத்தைப் பூமியின் கிடைத்தளப் புலத்தால், அதாவது தரைக்கு இணையாக இழுக்கும் பங்கால், வகுத்தால், விலகல் கோணத்தின் டேன்ஜன்ட் கிடைக்கும். அதாவது பூமிதான் நம் படிக்கல். கம்பியைக் கிழக்கு மேற்காகப் பிடித்தால் இரண்டு இழுப்பும் ஒரே கோட்டில் விழும். ஊசி அசையாமலே நிற்கலாம். எதிர்ப்பக்க இழுப்பு பூமியை மிஞ்சினால் ஒரேயடியாகத் தலைகீழாகத் திரும்பும். அளப்பதற்கு அது உதவாது.

கணக்கைப் பாருங்கள். நீளமான கம்பியில் 1 ஆம்பியர் பாய்ந்தால் 1 செ.மீ. தூரத்தில் புலம் 20 மைக்ரோடெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு). தமிழ்நாட்டில் பூமியின் கிடைத்தளப் புலம் ஏறத்தாழ 40. பாதிதான், ஊசி 26 டிகிரிக்குச் சற்று மேல் விலகும். 2 ஆம்பியர் என்றால் 45 டிகிரி. இதே 1 ஆம்பியர் கோபன்ஹேகனில் ஊசியை 50 டிகிரி வரை திருப்பிவிடும். அங்கே பூமியின் புலம் பெரும்பாலும் தரைக்குள் சாய்ந்து இறங்குவதால் கிடையாக இழுக்கும் பங்கு குறைவு. நமக்கோ காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் புலம் தரைக்கு இணையாகவே இருக்கும் கோடு, பக்கத்திலேயே இருக்கிறது. புலம் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. ஒர்ஸ்டெட் கண்ட முதல் அசைவே மெலிதானது. கன்னியாகுமரியில் செய்திருந்தால் கவனிக்காமலே போயிருப்பாரோ என்னவோ!

ஆய்வகத்தில், கம்பிச் சுருளின் நடுவே காந்த ஊசியை வைத்து மின்னோட்டத்தை அளக்கும் டேன்ஜன்ட் கால்வனாமீட்டரில் 30 முதல் 60 டிகிரிக்குள் அளவு எடுக்கச் சொல்கிறார்களே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்களா? கோணத்தில் ஒரு டிகிரி பிசகினால் விடையில் வரும் பிழை 45 டிகிரியில்தான் மிகக் குறைவு. முள்ளின் இரு முனைகளையும் படிப்பது, மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டு மறுபடி படிப்பது எல்லாம் சடங்குகள் அல்ல. முள்ளின் அச்சு நடுவில் இல்லாத பிழையை முன்னது போக்கும். சுருளைச் சரியாக வடக்கு தெற்காக நிறுத்தாத பிழையைப் பின்னது பெருமளவு ஈடுசெய்யும். பக்கத்தில் இரும்பு மேசையோ செல்பேசியோ இருந்தால் எதுவும் ஈடுசெய்யாது.

வீட்டு வயரை இப்படி அளக்கலாமா என்று சிலர் கேட்பீர்கள். ஊசி அசையாது. அங்கே மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று முன்னும் பின்னும் ஓடுகிறது. ஊசியால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. போதாக்குறைக்கு, போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒட்டியே கிடந்து ஒன்றின் புலத்தை மற்றொன்று அழித்துவிடுகின்றன.