பொம்மைக்கு வாதாடிய மனிதர்

எல்லோருக்கும் வணக்கம். இன்று நாம் பார்க்கப்போகும் படம் 2002-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டது. 'தி மேன் ஹூ சேவ்டு கிறிஸ்துமஸ்' என்று பெயர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே அங்கே வருடம்தோறும் படம் எடுப்பார்கள். அந்த வரிசையில் இதுவும் ஒன்று. ஜேசன் அலெக்ஸாண்டர் கதாநாயகன். முதலாம் உலகப் போர்க் காலத்தில், பிள்ளைகளுக்குப் பொம்மை கிடைக்க வேண்டும் என்று அரசாங்கத்திடம் போய் வாதாடும் ஒரு பொம்மைக்காரரின் கதை. அந்த மனிதர் கற்பனைப் பாத்திரம் இல்லை. ஏ.சி. கில்பர்ட் என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தார், வாதாடினார், ஜெயித்தார். அவர் என்ன சொல்லி ஜெயித்தார் என்பதைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். கதையின் இனிப்பில் அது நம் கண்ணில் படாமல் போய்விடக்கூடும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். 1884-இல் ஒரிகன் மாநிலத்தில் இருக்கும் சேலத்தில் பிறந்தவர். ஆமாம், அங்கேயும் ஒரு சேலம் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். படிப்புச் செலவுக்கு மேஜிக் செய்து சம்பாதித்தார். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் கோலூன்றித் தாண்டுதலில் 3.71 மீட்டர் தாண்டி, இன்னோர் அமெரிக்க வீரரோடு தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார். அடுத்த வருடம் டாக்டர் பட்டமும் கைக்கு வந்தது. ஆனால் அவர் வைத்தியம் பார்க்கப் போகவில்லை. மேஜிக் சாமான்கள் செய்து விற்கும் கம்பெனி ஒன்றை ஏற்கெனவே ஒரு நண்பரோடு சேர்ந்து நடத்திக்கொண்டிருந்தார், அதிலேயே இறங்கிவிட்டார்.

யேல் இருக்கும் நியூ ஹேவனிலிருந்து நியூயார்க்குக்கு ரயிலில் அடிக்கடி போய்வருவார். அந்தப் பாதையை மின்மயமாக்கும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. மின்கம்பிகளைத் தாங்க இரும்பு உத்திரங்களை ஒன்றோடொன்று பூட்டி நிறுத்துவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனவருக்கு, இதையே பிள்ளைகள் கையில் கொடுத்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. வீட்டுக்கு வந்து அட்டையில் வெட்டி மாதிரி செய்து பார்த்தார். 1913-இல் 'எரெக்டர் செட்' கடைக்கு வந்தது.

இங்கே மூத்தவர்களுக்கு மெக்கானோ என்ற கட்டும் பொம்மை தெரிந்திருக்கும். லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி அதைக் கொண்டுவந்து அதற்குள் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதில் துளை போட்ட தட்டைப் பட்டைகள்தான் முக்கியம். கில்பர்ட் பட்டையின் ஓரங்களை மடித்துவிட்டார். அந்தச் சின்ன மடிப்புதான் வித்தியாசம். மடித்த பட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்து நட்டு போல்ட்டு போட்டு முடுக்கினால், ரயில் பாதையில் பார்த்த அதே சதுர உத்திரம் குழந்தையின் உள்ளங்கையில் இருக்கும். வளையாது, ஆடாது. பெட்டிக்குள் கப்பியும் பல்சக்கரமும் இருக்கும். பெரிய பெட்டியாக இருந்தால் மோட்டாரும் இருக்கும். பாலம் கட்டலாம், கிரேன் கட்டலாம், அப்புறம் அதையே பிரித்து ராட்டினம் கட்டலாம். விளம்பரங்கள் மட்டும் பையன்களைப் பார்த்தே பேசின. பெண் பிள்ளைகளை அழைக்கவே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சரி, போருக்கு வருவோம். அதுவரை அமெரிக்கக் கடைகளில் விற்ற பொம்மைகளில் பெரும்பங்கு ஜெர்மனியிலிருந்து வந்தது. நியூரம்பெர்க்கின் தகர பொம்மைகள், சோனபெர்க்கின் பதுமைகள் எல்லாம் உலகம் முழுக்கப் போன காலம். 1914-இல் போர் வந்து கடல்வழி அடைபட்டதும் அந்த வரத்து நின்றது. உள்ளூர்ப் பொம்மைத் தொழில் வேகமாக வளர்ந்தது. 1916-இல் பொம்மை உற்பத்தியாளர்கள் சேர்ந்து சங்கம் அமைத்தபோது கில்பர்ட்தான் முதல் தலைவர். 1917 ஏப்ரலில் அமெரிக்காவும் போரில் இறங்கியது. இரும்பு போருக்கு, ஆள் போருக்கு, பணம் போர்ப் பத்திரத்துக்கு என்றானபோது, 1918-இல் தேசப் பாதுகாப்புக் கவுன்சில் கிறிஸ்துமஸ் பொம்மைகளுக்குத் தடை போடுவது பற்றி யோசித்தது. அமைச்சர்களே உறுப்பினர்களாக இருந்த கவுன்சில் அது. இதைக் கொடுமை என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. பிரான்ஸில் பதுங்குகுழியில் பையன்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பொம்மைக்கு எதற்கு இரும்பு என்ற கேள்வி எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் நியாயமாகத்தான் பட்டிருக்கும்.

கில்பர்ட் சங்கத்துக்காரர்களோடு வாஷிங்டன் போனார். கையோடு பொம்மைகளையும் எடுத்துப்போனார். பேசி முடித்ததும் பெட்டிகளைத் திறந்து காட்டினார். அமைச்சர்கள் அதிலேயே மூழ்கிவிட்டார்கள் என்றும், கடற்படை அமைச்சர் ஜோசஃபஸ் டேனியல்ஸ் பொம்மை நீர்மூழ்கிக் கப்பலைக் கீழே வைக்க மனமில்லாமல் வைத்திருந்தார் என்றும் சொல்வார்கள். படத்துக்கென்றே நடந்ததுபோன்ற காட்சி. தடை வரவில்லை. பாஸ்டன் பத்திரிகை ஒன்று கிறிஸ்துமஸைக் காப்பாற்றியவர் என்று கில்பர்ட்டைப் பாராட்டி எழுத, அந்தப் பட்டம் நிலைத்துவிட்டது. நவம்பர் 11-ஆம் தேதி போரே முடிந்துவிட்டது. ஆகவே அந்த வருடக் கிறிஸ்துமஸ் போர் ஓய்ந்த பிறகு வந்த கிறிஸ்துமஸ்.

ஆனால் பொம்மைகளைக் காட்டுவதற்கு முன் அவர் வைத்த வாதம் என்ன? பொம்மைதான் பையனை உருவாக்குகிறது என்றார். கட்டும் பொம்மை நாளைய எஞ்ஜினியரை உருவாக்கும். காற்றுத் துப்பாக்கியில் குறிபார்த்துப் பழகியவன் நாளை நல்ல சிப்பாய் ஆவான். அதாவது, பொம்மை நாட்டுக்கு உதவும், போருக்கும் உதவும். ஜெயித்தது இந்த வாதம்தான்.

எனக்கு கில்பர்ட் மேல் மிகுந்த மரியாதை உண்டு. அந்த அறையில் வேறு எதுவும் எடுபட்டிருக்காது என்பதும் புரிகிறது. எஞ்ஜினியர் கணக்கு பொய்யும் அல்ல. 1949-இல் யேலில் வில்லியம் சூவெல் என்ற மருத்துவ மாணவர் எரெக்டர் செட் பாகங்களை வைத்து இதயத்துக்கு மாற்றாக ஒரு பம்பு செய்தார். நாயின் இதயம் செய்யும் வேலையை அது ஒரு மணி நேரத்துக்கு மேல் செய்தது. அந்தப் பம்பு இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனாலும், பின்னால் பயன்படுவான் என்பதற்காகத்தான் ஒரு குழந்தை விளையாடலாம் என்று சொன்னால், பயன்படாத பொம்மையை எந்தப் போரும் பறித்துக்கொள்ளலாம் என்றாகிவிடும். பறிக்கவும் பறித்தார்கள். இரண்டாம் உலகப் போரில், 1942-இல், அமெரிக்க அரசு உலோகப் பொம்மைகளை நிறுத்தியேவிட்டது. கில்பர்ட்டின் தொழிற்சாலையும் போர்த் தளவாடம் செய்யப் போனது. பொம்மை ரயில் செய்யும் லயனல் கம்பெனி 1943-இல் அட்டையில் ரயில் வண்டி செய்து விற்றது. தண்டவாளமும் அட்டைதான்.

முதலாம் போர் முடிந்த கையோடு, 1919-இல், இங்கிலாந்தில் எக்லன்டைன் ஜெப் என்ற அம்மையார் பசியில் வாடிய எதிரி நாட்டுக் குழந்தைகளுக்காகவும் சேர்த்து 'சேவ் தி சில்ட்ரன்' அமைப்பைத் தொடங்கினார். குழந்தைகள் உரிமைக்காக அவர் எழுதிய சாசனத்தை 1924-இல் ஜெனீவாவில், ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கம் ஏற்றது. பசித்த குழந்தைக்குச் சோறு, நோயுற்ற குழந்தைக்கு மருந்து, ஆபத்தில் உதவி முதலில் குழந்தைக்கே என்று அதில் இருக்கிறது. விளையாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. 1959-இல் ஐ.நா. பிரகடனத்தில்தான் அது வந்தது. ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு விளையாட்டை உரிமை என்றே சொல்கிறது. அதற்குக் காரணம் எதுவும் கேட்கவில்லை. எஞ்ஜினியர் ஆவானா, சிப்பாய் ஆவானா என்று பார்க்கவில்லை. கில்பர்ட்டால் அன்று சொல்ல முடியாததை உலகம் சொல்ல எழுபது வருடம் ஆகியிருக்கிறது.

பெற்றோர்களே, வாஷிங்டன் காட்சி வரும்போது உங்கள் பிள்ளைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். படம் முடிந்ததும் யாரும் கிளம்ப வேண்டாம். அந்த அமைச்சர்களிடம் நீங்கள் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்கப் போகிறோம். பையன்கள், பெண்கள் எல்லோரும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் பக்கத்திலிருந்து பதில் எடுத்துக்கொடுக்காமல் இருந்தால் போதும். படத்தைப் போடலாம்.