பொடி பாயும் இடுக்கு

அவைக்கு வணக்கம்.

எண்ணெய் போட முடியாத இடங்களில் இயந்திரங்கள் எப்படி ஓடுகின்றன என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். விண்வெளியின் வெற்றிடத்தில் எண்ணெய் மெல்ல ஆவியாகிவிடும். சூடு மிக அதிகமானால் கருகிவிடும். அங்கெல்லாம் பேரிங்குகளில் மாலிப்டினம் டைசல்பைடு போன்ற திண்மப் பொருளைப் பூசுகிறார்கள். அதன் அணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்டவை: நடுவில் மாலிப்டினம், இருபுறமும் கந்தகம். தாளுக்கும் தாளுக்கும் பிடிப்பு குறைவு, அதனால் வழுக்குகிறது. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகின்றன. ஆனால் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் பூச்சு பூச்சாக இருப்பதில்லை. நொறுங்குகிறது, பரவுகிறது, திரும்ப ஒட்டுகிறது. கொஞ்ச நேரத்தில், உரசும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் இருப்பது ஓயாமல் நகரும் துகள் கூட்டம். அந்த நகர்வைக் கணக்கிட முடியுமா என்பதே என் கேள்வி.

எண்ணெய்க்கு இந்தக் கணக்கு நெடுங்காலமாக இருக்கிறது. 1883-இல் பொறியாளர் பியூசாம்ப் டவர் ரயில் அச்சுகளுக்கான பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் ஊற்ற மேலே துளை போட்டால், எண்ணெய் அதன் வழியே வெளியே வந்தது. தக்கை வைத்து அடைத்தார்கள். தக்கையைத் தள்ளிவிட்டது. மர ஆப்பையும் தள்ளிவிட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தால், சராசரி சுமை தரும் அழுத்தத்தைப்போல இரு மடங்குக்கும் மேல்! சுழலும் அச்சு எண்ணெயைத் தானே இழுத்து இடுக்குக்குள் திணித்து, அந்தப் படலத்தின் மீது மிதக்கிறது. இதற்கான சமன்பாட்டை ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் கொடுத்தார். அதே ரெனால்ட்ஸ் அதற்கு முந்தைய ஆண்டு, நெருக்கமாக அடைந்த மணல் நகர வேண்டுமானால் முதலில் விரிய வேண்டும் என்றும் காட்டியிருந்தார். உயவு (உராய்வைக் குறைத்து வழுக்கவைப்பது), துகள் என்ற இரண்டு விஷயமும் ஒரே மனிதரின் மேசையில் அடுத்தடுத்து இருந்திருக்கின்றன. அவை ஒன்றாகச் சேர நூறு ஆண்டுகள் பிடித்தன என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, அந்தச் சமன்பாட்டில் எண்ணெயை எடுத்துவிட்டுப் பொடியைப் போட்டால் என்ன? முடியாது. எண்ணெயின் தடை வேகத்தைப் பொறுத்தது. வேகம் இல்லையென்றால் தடையும் இல்லை. பொடியின் தடையோ முக்கியமாக அழுத்தத்தைப் பொறுத்தது. நின்ற நிலையிலும் அது சுமையைத் தாங்கும். விதிவிலக்காக, துகள்கள் சற்றே விலகி ஒன்றையொன்று மோதிக்கொண்டு பாய்ந்தால் தகைவு (பரப்பளவின் மேல் விழும் விசை) வேகச் சரிவின், அதாவது இடுக்கின் குறுக்கே வேகம் மாறும் வீதத்தின், வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் என்று மணல் ஆய்வாளர் பாக்னால்ட் 1954-இல் சொன்னார். 1980-களில் வாயு மூலக்கூறுகளின் இயக்கவியலைத் துகள்களுக்குப் பொருத்தி முழுக் கோட்பாடே எழுதப்பட்டது. மோதல்களால் அழுத்தம் பிறக்கும், அது சுமையைத் தாங்கும் என்று உயவியலாளர்களும் அதை ஆர்வமாக எடுத்துக்கொண்டார்கள்.

அழகான கோட்பாடு. நம் இடுக்குக்கு அது பொருந்துமா என்று எண்களைப் போட்டுப் பார்ப்போம். துகளின் விட்டம் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), இடுக்கு 10 மைக்ரான், சறுக்கு வேகம் நொடிக்கு 1 மீட்டர், அழுத்தம் 10 லட்சம் பாஸ்கல், துகளின் அடர்த்தி கனமீட்டருக்கு 5,000 கிலோ. வேகத்தை இடுக்கால் வகுத்தால் வேகச் சரிவு. அதைத் துகளின் விட்டத்தால் பெருக்கினால் நொடிக்கு 0.1 மீட்டர். அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.007. அழுத்தத்தோடு ஒப்பிட்டால் துகளின் வேகம் எவ்வளவு பெரிது என்று சொல்லும் இதற்குப் பெயர் நிலைம எண். மோதல் ஆட்சி செய்ய இது 0.1-ஐ ஒட்டி வரவேண்டும். அதற்கு அழுத்தம் 5,000 பாஸ்கலாக, அதாவது இருநூறில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். ஆக, சுமை ஏறிய தொடுமிடத்தில் துகள்கள் மோதி விளையாடவில்லை. நெருங்கி, அழுந்தி, ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே நகர்கின்றன.

அடர்ந்த பாய்ச்சலுக்கு நல்ல விதி ஒன்று இருக்கிறது. உராய்வுக் குணகம் (உராய்வு விசையை அழுத்தும் விசையால் வகுத்து வரும் எண்) நிலைம எண்ணைப் பொறுத்து மெல்ல உயரும் என்பது அது. 2004-இல் பிரெஞ்சு ஆய்வுக் குழு பல சோதனைகளைத் தொகுத்துக் காட்டியது. 2006-இல் ஜோப், ஃபோர்த்தேர், பூலிக்கென் மூவரும் அதை முப்பரிமாணத்துக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடி மணிகளுக்கு அந்தக் குணகம் 0.38-இல் தொடங்கி 0.64 நோக்கிப் போகிறது. மாலிப்டினம் டைசல்பைடோ வெற்றிடத்தில் 0.05-க்கும் கீழே இறங்குகிறது. நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த இடைவெளியைத்தான். உருண்டைத் துகள்களுக்கிடையே உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டு கணினியில் ஓட்டினாலும், அந்தக் கூட்டத்தின் குணகம் ஏறக்குறைய 0.1 வரும், ஏனென்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் அவை கடக்க வேண்டும். ஆகவே அந்தக் குறைந்த உராய்வு உருண்டைகளின் பாய்ச்சலிலிருந்து வரவே முடியாது. பரப்புக்கு இணையாகப் படுத்துக்கொண்ட தாள்கள் வழுக்குவதால் வருகிறது. துகள்களின் பாய்ச்சல் செய்யும் வேலை வேறு: அந்தத் தாள்களுக்கான பொருளைத் தொடுமிடத்திலேயே வைத்திருப்பது.

இதைப் பிரான்ஸின் லியோன் நகரில் உராய்வு ஆய்வாளர் மொரிஸ் கொதே வேறு கோணத்தில் சொன்னார். உரசும் இரண்டு பொருள்களுக்கு நடுவே மூன்றாம் பொருள் ஒன்று பிறக்கிறது, அதன் வரவு செலவைப் பாருங்கள் என்றார். தேய்மானத்தால் எவ்வளவு உள்ளே வருகிறது, எவ்வளவு உள்ளேயே சுற்றுகிறது, எவ்வளவு ஓரம் வழியாக வெளியேறுகிறது? வெளியேறியது திரும்பாவிட்டால் பேரிங்கின் ஆயுள் முடிந்தது. உராய்வுக் குணகத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தால் இந்த முடிவு வருவது கடைசி நிமிடம்வரை தெரியாது.

அப்புறம் கணினி. பீட்டர் கண்டால், ஓட்டோ ஸ்ட்ராக் என்ற இருவரும் 1979-இல் வெளியிட்ட தனித்துகள் முறையில் ஒவ்வொரு துகளின் அசைவையும் நியூட்டன் விதிப்படி பின்தொடரலாம். இடுக்கு பத்துத் துகள் தடிமன்தான் என்பதால், தொடர்ச்சியான பாய்மமாகக் கருதுவதைவிட இதுவே நேர்மையான வழி என்பது என் கருத்து. விலைதான் கடுமை. ஒரு சதுர மில்லிமீட்டர் இடுக்கிலேயே கோடிக்கு நெருக்கமான துகள்கள். ஒரு மைக்ரான் துகளுக்குக் காலப்படி, அதாவது கணக்கு ஒரு தடவையில் முன்னேறும் நேரம், ஒரு நானோநொடியில் பத்திலொரு பங்கு. ஒரு நொடி சறுக்கலுக்கு ஆயிரம் கோடி படிகள். போதாததற்கு, இந்த அளவில் துகள்களின் ஒட்டுவிசை அவற்றின் எடையைவிட லட்சக்கணக்கான மடங்கு பெரிது. அதை விட்டுவிட்டுப் போடும் கணக்கில் துகள்கள் சிதறி ஓடும். சேர்த்தால் கட்டிகளாகத் திரண்டு உருளும். வெளியேறும் அளவு தலைகீழாக மாறிவிடும்.

அதனால் இதைக் கணினியில் மாதிரி செய்கிறவர்களிடம் என் கோரிக்கை இது. உராய்வுக் குணகத்தைப் பொருத்திக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். சஃபையர் போன்ற ஒளி புகும் பரப்பைத் தேய்க்கவிட்டு, படலம் உருவாவதையும் கிழிவதையும் நேரில் பார்க்கும் சோதனைகள் இருக்கின்றன. ஓரத்தில் சேரும் பொடியை எடுத்து நிறுத்துப் பாருங்கள். உங்கள் கணினிக் கணக்கில் வெளியேறும் பொடியும் அதே எடை வருகிறதா என்று ஒப்பிடுங்கள். வரவில்லை என்றால், ஒட்டுவிசையிலும் துகளின் வடிவத்திலும் கை வையுங்கள்.

நன்றி.